குழாயில் போன ஜெபம்

மாத்திரை டப்பாவைக் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்து வைத்துக்கொள்ளும் வயதுக்கு நாம் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். கூடப் படித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தால் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன் சர்க்கரையை விசாரிக்கிறோம். ஆகவே நான் சொல்லப்போகிற காலத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்லூரில் சந்துக்குச் சந்து பனியன் மெஷின் ஓட ஆரம்பித்திருந்த காலம். ஒருவர் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தால் வேலை முடிந்து வருகிறார் என்று அர்த்தம். ஒட்டியிருக்காவிட்டால் வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். சலவைப் பட்டறை வாடை காலையில் எழுந்ததும் மூக்கில் ஏறும். அதை மோந்து பார்த்தே மணி சொல்லிவிடுவோம் என்று பீற்றிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு.

என் அப்பா அங்கே இருந்த சிறிய தேவாலயத்துக்குப் போதகர். தெற்கே பிறந்து, இந்தப் பக்கத்துச் சபைகளில் ஊழியத்துக்குச் சேர்ந்தவர். போதகரை ஐயர் என்று அழைப்பது எங்களவர் வழக்கம். 'ஐயர் ஊட்டுப் புள்ளை கருவாடு கொண்டாந்திருக்குது' என்று என் வகுப்பு டீச்சர் ஒருநாள் திகைத்துப்போய் நின்றார். அது தனிக்கதை. நாங்கள் இருந்த வீட்டுக்குக் குருமனை என்று பெயர். பெயர்தான் பெரிது, மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும்.

அப்பாவின் வேலை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வது மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. மற்ற நாட்களில் அவர் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருப்பார். அதற்குச் சந்திப்பு என்று பெயர். கர்ப்பிணி இருக்கும் வீடு, பிள்ளை பரீட்சை எழுதும் வீடு, புதுமணத் தம்பதி குடியேறிய வீடு, குடிக்கிறவன் இருக்கும் வீடு, ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீடு. ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை வளர்ந்து திருமணத்துக்கு நிற்கும்வரை ஒரு போதகர் ஒரே ஊரில் இருப்பதில்லை, மாற்றிவிடுவார்கள். அதனாலோ என்னவோ, இருக்கிற வருடங்களுக்குள் எல்லாக் குடும்பத்தின் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல அப்பா ஓடுவார்.

டிவிஎஸ் ஃபிப்டியின் பின் சீட்டில் நான் இருப்பேன். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போன வீட்டுக்குள் போதகர் தனியாக நுழைவது சரியில்லை, ஒரு பெண் பிள்ளை துணைக்கு இருக்கட்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. எனக்கு அதில் மனக்குறை இல்லை. உள்ளூர்க் குடும்பங்களில் கச்சாயம் தருவார்கள். எங்களைப்போல் தெற்கிலிருந்து வந்து கம்பெனியில் சேர்ந்த குடும்பங்களில் முந்திரிக்கொத்து தருவார்கள். சபையை நான் அந்தக் கணக்கில்தான் பிரித்து வைத்திருந்தேன். பெரியவர்கள் வேறு கணக்கில் பிரித்திருந்தார்கள். ஆராதனையில் உள்ளூர்க்காரர்கள் இடப்பக்கம், தெற்கத்திக்காரர்கள் வலப்பக்கம். யாரும் சொல்லி வைத்ததில்லை. ஆனால் மாறி உட்கார்ந்தவர்களையும் நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் ஒரு திறமை இருந்தது. வாரம் முழுக்க வீடுகளில் கேட்ட கஷ்டங்களை எல்லாம் மனதில் வைத்திருந்து, ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில் பெயர் பெயராகச் சொல்லி வேண்டுவார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. இன்னார் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, இன்னார் தகப்பனாருக்குக் கண்ணில் புரை, இன்னாரின் மகன் கணக்கில் பலவீனமாயிருக்கிறான். தன் வீட்டுப் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வார்கள். ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதில்லை, அதனால் தெரியும். பெயர் வராத வீட்டுக்காரர் வெளியே வந்ததும், "ஐயருக்கு எங்க ஊட்டு நெனப்பே இல்லீங்களா?" என்று உரிமையோடு கேட்பார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். மறைக்க முயல்வார், முடியாது.

எனக்குப் பத்து வயதான வருடம் பொங்கல் முடிந்ததும், கோயில் என்றே நாங்கள் சொல்லும் அந்தத் தேவாலயத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் வந்தது. காரணம் இருந்தது. வெளிநாட்டு ஆர்டர் கப்பலேறுகிற சீசனில் கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். பாதிக் கோயில் காலியாகக் கிடக்கும். எங்கள் மதிலுக்கு அந்தப்புறமே ஒரு பெரிய கம்பெனி. அதில் எங்கள் சபையார் மட்டும் இருபது முப்பது பேர் வேலை செய்தார்கள். வர முடியாதவர்கள் காதிலாவது ஆராதனை விழட்டும் என்று கமிட்டியில் பேசி, ஒரு மைக்கும் ஒரு குழாயும் வாங்கினார்கள். கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை கூரைமேல் ஏறி, குழாயின் வாயைச் சரியாகக் கம்பெனிப் பக்கம் திருப்பிக் கட்டினார். சாம்பல் நிறம். உள்ளே எட்டிப் பார்த்தால் புதுப் பெயிண்ட் வாசனை வரும். கட்டுவதற்கு முன் நான் அதற்குள் தலையை விட்டு என் பெயரைக் கத்திப் பார்த்தேன்.

அப்பா அதற்கு அடிமையாகிப்போனார் என்றே சொல்ல வேண்டும். மைக் வந்த பிறகு அவர் குரலே மாறியது. கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் இழுத்து. அம்மா வீட்டில் அதேபோல் பேசிக் காட்டுவாள்.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும். சொந்த அக்கா இல்லை, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் எங்கள் ஓய்வுநாள் பள்ளிக்கு டீச்சர். அந்தக் கம்பெனியில், துணியின் ஓரம் அடித்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர். ஒரு புது டிசைன் வந்தால் முதல் பீஸைத் தைத்துக் காட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்வார்கள். கம்பெனியில் மிஞ்சிய கலர் துணி வெட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து எங்களுக்கு ஆட்டுக்குட்டி செய்யக் கற்றுக்கொடுப்பாள். மற்ற சபைகளின் கிறிஸ்துமஸ் குடிலில் வெள்ளை ஆடுகள் இருந்தன. எங்கள் குடிலில் பச்சை ஆடும் ஊதா ஆடும் நின்றன. உள்ளூர்க் குடும்பம், தகப்பன் இல்லை, அம்மாவும் மகளும்தான்.

அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் தெற்கத்திக் குடும்பத்துப் பையன். அடுக்கடுக்காக விரித்த துணியை மெஷினால் ஒரே வெட்டில் வெட்டுகிறவர். சிவந்த முகம், பேச்சு குறைவு, காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். இருவருக்கும் பிடித்திருந்தது. அப்பாவே இரண்டு வீட்டுக்கும் நடந்து பேசி முடித்துவைத்தார். இடப்பக்கத்துப் பெண்ணுக்கும் வலப்பக்கத்துப் பையனுக்கும் எங்கள் சபையில் நடக்கப்போகிற முதல் கல்யாணம். அப்பா அதைத் தன் ஊழியத்தின் பெரிய கனியாக நினைத்தார். உபவாச நாட்களான லெந்து காலத்தில் எங்களிடம் கல்யாணம் கிடையாது. அது தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். யாராவது தும்மினால் மட்டும் சிறுபிள்ளைகள் சிரிப்போம்.

முதல் ஓலை வாசித்த வாரம் அப்பா அக்காவின் வீட்டுக்குச் சந்திப்புக்குப் போனார். அக்கா கம்பெனியில் இருந்தாள். அவள் அம்மா எனக்குக் கச்சாயம் தந்தார். நான் இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"சாமி, உங்ககிட்ட மட்டும் சொல்றனுங்க. என்ற புள்ளைக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சுங்க. பள்ளிக்கூடத்துல ஒருக்கா, ஊட்டுல ஒருக்கா. ஆஸ்பத்திரி மருந்து குடுத்து நின்னு போச்சுங்க. அப்பறம் வரவே இல்லீங்க. ஆனாட்டி கல்யாணத்தன்னைக்கு ஒறம்பரையெல்லாம் கூடி நிக்கறப்போ வந்துருமோன்னு வெசனமா இருக்குதுங்க. செபம் பண்ணுங்க சாமி."

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க."

"சொல்லிருங்கம்மா. பிறகு தெரிஞ்சா பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

அவர் இன்னும் அழுதார். அப்பா ஜெபித்தார். வரும் வழியில், கச்சாயத்தில் ஏலக்காய் அதிகம் என்று நான் அவரிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார். மைக் கொஞ்சம் கொய்யென்று கத்தியது, கோயில்பிள்ளை ஓடிப்போய்த் திருகினார். பிறகு மன்றாட்டு ஜெபம். பிரசவம், கண்புரை, கணக்குப் பரீட்சை எல்லாம் வந்தன. அக்காவின் பெயரும் வந்தது. அவள் வழக்கம்போல் இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். பெயர் வந்ததும் எல்லாரையும்போல் தலையைக் குனிந்தாள்.

"விவாகத்துக்கு ஆயத்தமாயிருக்கிற இந்த மகளை, ஆண்டவரே, சிறு வயதில் வாதித்த வலிப்பு நோயிலிருந்து நீர் விடுவித்தீர். அவள் ஆயுசு நாளெல்லாம் அது திரும்ப வராதபடி காத்தருளும். புகுந்த வீட்டார் அவளைத் தாங்கும்படி கிருபை செய்யும்."

அவள் தலை நிமிர்ந்தது. அப்பாவைப் பார்த்தாள். வலப்பக்கத்தில் மாஸ்டரின் அம்மாவும் கண்ணைத் திறந்தார். ஜெபம் அவளைத் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப்புறம் டீ நேரத்துக்காக மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டருக்கு அன்று ஞாயிறு வேலை. எங்கள் சபையாரோடு சேர்ந்து அந்தக் கம்பெனி முழுக்க, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜெபத்தைக் கேட்டது.

அன்று மத்தியானம் சோற்றுத் தட்டின் முன் அம்மா கேட்டாள்.

"வாய் தவறி வந்ததுன்னு என்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சுதான சொன்னீய?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ அம்மாகிட்ட சொல்லச் சொன்னேன். சொல்லல்ல. கல்யாணத்துக்குப் பிறகு தெரிஞ்சு, ஏமாத்திட்டாங்கன்னு கொண்டுவந்து விட்டுட்டாங்கன்னா? அப்ப யாரு பதில் சொல்லுவா? ஆண்டவர் சமுகத்துல வச்சுச் சொன்னா மனுஷங்க மனசு இளகும்னு நினைச்சேன்."

"ஆண்டவர் சமுகமா? மைக்குல்லா வச்சிருந்தீய."

சாயங்காலமே மாஸ்டரின் அம்மா வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ஐயரே, நீங்க சொன்னீயன்னுதான உள்ளூர்ல பொண்ணெடுக்கச் சம்மதிச்சோம்? நீங்களே இப்ப ஊருக்கே கேக்கும்படியா சொல்லுதீய. எனக்கு ஒரே பையன். மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அப்பா செருப்புப் போடாமல் கேட் வரை பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை விட்டதும் அக்கா குருமனைக்கு வந்தாள். முடியில் பஞ்சு இல்லை என்பதை நான் கவனித்தேன். அம்மா காபி கொடுத்தாள். அவள் வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினாள்.

"ஓவர்லாக்கிலிருந்து எடுத்துப்போட்டாங்க ஐயருங்களே. செக்கிங் டேபிள்ல உக்கார வெச்சுட்டாங்க. மெஷின்ல இருக்கறப்போ வந்துச்சுன்னா கை உள்ள போயிருமாமா. சூப்பர்வைசரு நல்ல மனுசன்தானுங்க. உன்ற நல்லதுக்குத்தான் கண்ணுங்கறாரு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"மாஸ்டருக்கு இது தெரியுமுங்க. பேசி முடிக்கறதுக்கு முன்னாலயே நானே சொல்லீட்டனுங்க. அதனாலென்னன்னு சொன்னாரு. அவங்கம்மாவுக்கு மட்டும் கல்யாணம் முடிஞ்சு பக்குவமா சொல்லிக்கலாம்னு அவருதான் சொன்னாருங்க. இது எங்கம்மாவுக்கே தெரியாது. என்னையக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?"

கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை விட்டுவிட்டு அப்பா அவள் அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். பெண்ணுக்கென்று ஒரு பேச்சு இருக்கும், அதை அவள் ஏற்கெனவே பேசி முடித்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. இன்று யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவள் கதவருகே போய்த் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"சாமிகிட்டச் சொல்றதுக்கு மைக் எதுக்குங்க?"

காபியில் ஆடை படிந்துவிட்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். எனக்கு அப்பாமேல் அப்போது வந்த கோபம் என்ன வகை என்று இப்போதும் தெரியவில்லை. அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது. பத்து வயதில் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் போய்த் தூங்கிவிட்டேன்.

மறுநாள் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, தட்டி மறைப்பு. அவர் கட்டிலில் உட்கார்ந்து விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் எனக்கு எதுவும் தின்னத் தராதது அன்றுதான்.

"உனக்கு முன்னமே தெரியும்லா தம்பி?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் ஐயரே."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பிறகென்ன? அதை நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே."

மாஸ்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "குழாய்ல அவ பேரு வந்ததும் கட்டிங் டேபிள்ல நின்ன அம்புட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு முன்னமே தெரியும்னு அந்நேரமே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல்ல. டீயைக் கீழ வச்சுட்டு, தெரியாதவன் மாதிரி நின்னுட்டேன். பாவம்டா, உன்னை ஏமாத்திட்டாங்களேன்னு தோளைத் தட்டினாங்க. அதுக்கும் சும்மாதான் நின்னேன். இனிம நான் எப்படிச் சொல்ல?"

அப்பா அவர் தோளைத் தொட்டார், ஜெபிக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் ஜெபிக்காமல் நாங்கள் திரும்பியது அன்று மட்டும்தான். வண்டியில் வரும்போது, "தைரியம் இல்லாத பையன்" என்று நான் சொன்னேன். அம்மா சொல்லிக் கேட்ட வாக்கியம். "டீ நேரம்னு எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. மெஷின் ஓடியிருந்தால் கம்பெனியில் யார் காதிலும் தெளிவாக விழுந்திருக்காது என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. வேலை இருந்தவர்களும் லீவு போட்டு வந்திருந்தார்கள். என்ன நடக்கும் என்று பார்க்கத்தான், வேறு எதற்கு. மாஸ்டரும் அவர் அம்மாவும் வரவில்லை. அக்காவின் அம்மாவும் வரவில்லை. அக்கா மட்டும் வந்து அதே இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். அறிவிப்பு நேரம் வந்தது. அப்பா தாளை எடுத்தார். அடுத்த வாரச் சந்திப்பு எந்தத் தெரு, பாடகர் குழுப் பயிற்சி எப்போது என்று வாசித்தார். தாளை மடித்தார். ஓலை இல்லை. பெஞ்சுகளில் ஒரு சரசரப்பு எழுந்து அடங்கியது.

மன்றாட்டு ஜெபத்துக்கு வந்ததும் அப்பா மைக்கின் கழுத்தில் இருந்த ஸ்விட்ச்சைத் தானே அணைத்தார். முழங்கால்படியிட்டார். சத்தமே இல்லை. மதிலுக்கு அந்தப்புறம் நிட்டிங் மெஷின்கள் சுற்றுவது நன்றாகக் கேட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்த கோயில்பிள்ளை ஃபியூஸைப் பார்க்க ஓடினார், ஓடுகிறபோது காணிக்கைத் தட்டை உதைத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்து, "எங்கள் வீடுகளை நீர் அறிவீர்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அவ்வளவு நேரமும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். நானும் திறந்திருந்ததால் எங்கள் பார்வை முட்டிக்கொண்டது. அவள் லேசாகப் புருவத்தைத் தூக்கினாள், கண்ணை மூடு என்பதுபோல. டீச்சர் அல்லவா.

அதற்குப் பிறகு அப்பா கோயிலில் யார் பெயரையும் சொல்லி ஜெபிக்கவில்லை. சபையாருக்கு அது பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "எங்க ஊட்டுப் பேரைக் கேட்டே நாளாச்சுங்களே" என்று கண்புரைக்காரர் வருத்தப்பட்டார். ஐயருக்கு முன்போல் வைராக்கியம் இல்லை என்றும் பேசினார்கள். சந்திப்புக்குப் போகிற இடத்தில் அவரவர் காதருகே குனிந்து அப்பா பெயரைச் சொல்வார். தின்பண்டத்தில் இருக்கும் எனக்கு ஒரு சொல்லும் கேட்காது. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்ற செய்தி எனக்கு வருவது அதோடு நின்றது.

குழாயை இறக்கிக் குருமனையின் பின்புறம் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு அடைகிறது என்று அம்மா அதைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த வருடம் எங்களை உடுமலைக்கு மாற்றினார்கள். லாரியில் சாமான் ஏற்றுகிறபோது அது அங்கேயே கிடந்தது. பிறகு பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மாஸ்டர் தெற்கே போய் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. செக்கிங் டேபிளில் சில வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டு, வீட்டிலேயே ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டாள். இன்று நல்லூரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சிறிய யூனிட் ஓடுகிறது. வடக்கத்திப் பெண்களும் அதில் தைக்கிறார்கள், அவர்களோடு இந்தியில் வேறு பேசுகிறாள்.

அந்த வலிப்பு அவளுக்குத் திரும்ப வரவே இல்லை. ஒரு தடவைகூட. அப்பா அன்று மைக்கில் கேட்டதில் அந்த முதல் பாதி அட்சரம் பிசகாமல் நிறைவேறியது.

நானும் வாழ்க்கைப்பட்டு இதே ஊருக்கே வந்து சேர்ந்தேன். அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருக்கிறார். இப்போது படுக்கையில். காது அடைத்துவிட்டது, கிட்டே போய்க் கத்தினால்தான் கேட்கும். போன மாதம் இப்போதைய போதகர் வந்து பார்த்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். போனதும் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மூத்த ஐயருக்குச் சிறுநீர் தானாகப் போகவில்லை, டியூப் வைத்திருக்கிறது, முதுகில் படுக்கைப் புண், ஊக்கமாக ஜெபியுங்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவின் காதில் கத்திச் சொன்னேன்.

"பையன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பான்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளையும் அதைப் பாத்திருக்குமோ?" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

பார்த்துத்தான் இருந்தாள். மறுநாள் மத்தியானம் வந்தாள். நரைத்த முடியில் பஞ்சு. ஆரஞ்சுப் பழமோ ஹார்லிக்ஸோ கொண்டுவரவில்லை. பெரிய பையில் மெத்தென்ற பனியன் துணி, ஓரமெல்லாம் அடித்துத் தைத்து மடித்தது. "புண்ணுக்கு அடியில விரிச்சுக்கங்க கண்ணு. பருத்தி, உறுத்தாது" என்று என்னிடம் தந்தாள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எனக்காக ஒரு ஜெபம் பண்ணுவியாம்மா?" என்றார்.

அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். தெருவில் ஓடிய மெஷின் சத்தம் குறைந்தது. திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் வழக்கம்போல் மூடவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. கால்மாட்டில் நின்ற எனக்கே ஒரு சொல் கேட்கவில்லை. இடையில் ஒருமுறை அவள் முகம் சுருங்கியது, பிறகு சரியானது. முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"ஆமென்" என்றார் அப்பா. பழைய குரலில், மைக்கே வேண்டாத குரலில்.

அவளை வாசல்வரை விட்டுவிட்டு வந்து, அவர் காதருகே குனிந்து கத்தினேன். "அக்கா என்னப்பா ஜெபிச்சாங்க?"

"கேக்கல்ல."

"கேக்காம எதுக்கு ஆமென் சொன்னீங்க?"

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "எனக்கா சொன்னா? ஆண்டவருக்குல்லா சொன்னா."